புரட்சி பெற்ற பிள்ளையா பாரிஸ் உணவகம்?

கேள்வி இது: "பிரெஞ்சுச் சமையல் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது எப்படி? இத்தாலியிலிருந்து மருமகளாக வந்த ராணி ஒருத்தி கற்றுக்கொடுத்தாள் என்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்கள் ஒழிந்ததும், வேலை போன அரண்மனைச் சமையல்காரர்கள் தெருவில் கடை திறந்தார்கள், அதுதான் ரெஸ்டாரண்ட் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? அந்தக் காலத்தில் சாதாரண மக்கள் என்ன சாப்பிட்டார்கள்?"

ராணி கதை பொய். புரட்சிக் கதை பாதி மெய். மூன்றாவதாகக் கேட்டிருப்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை, ஆனால் அதைத் தொடாமல் முதல் இரண்டுக்கும் சரியான விடை சொல்ல முடியாது. அரண்மனை அடுப்பும் ஏழை வீட்டு ரொட்டிப் பானையும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

ராணியிலிருந்தே தொடங்குகிறேன். ஃபிளாரன்ஸ் நகரத்து மெதிச்சி குடும்பத்தின் கேத்தரின், 1533-இல் மார்செய் துறைமுக நகரில் பிரெஞ்சு மன்னரின் இரண்டாவது மகனை மணந்தார். அப்போது அவருக்கு வயது 14. கூடவே இத்தாலியச் சமையல்காரர்களைக் கூட்டி வந்தார், முள்கரண்டி பிடிக்கவும் நாசூக்காகச் சமைக்கவும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. இந்தக் கதை எழுத்தில் தலைகாட்டுவதே அவர் இறந்து நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 18-ஆம் நூற்றாண்டில்தான். அதைவிட வலுவான சாட்சி சமையல் நூல்களில் இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்துப் பிரெஞ்சுச் சமையல் ஏடுகளில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறைகளின் பழைய பக்குவங்களையே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய பக்குவம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் நமக்கு வியப்பாக இருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் மன்னர் ஐந்தாம் சார்லஸின் சமையற்கட்டை நடத்தியவர் கியோம் திரெல். தாய்வான் என்ற பட்டப்பெயரால்தான் அவரை உலகம் அறியும். அவர் பெயரில் வழங்கும் 'லெ வியாந்தியே' என்ற ஏட்டில் இஞ்சி, பட்டை, கிராம்பு, மிளகு, குங்குமப்பூ எல்லாம் வருகின்றன. திப்பிலியும் வருகிறது. காமெலின் என்று ஒரு தொடுகறி: பட்டையும் இஞ்சியும் இடித்து, வினிகரில் ஊறிய ரொட்டியோடு அரைத்துக் கரைப்பது. குழம்பு கெட்டிப்பட அரைத்த ரொட்டி, புளிப்புக்கு வினிகர் அல்லது பழுக்காத திராட்சையின் சாறு. வெண்ணெயின் பேச்சு மிகக் குறைவு. இன்று பிரெஞ்சு என்றதும் நினைவுக்கு வரும் வெண்ணெய்க்கும் பாலேட்டுக்கும் அந்த மேசையில் பெரிய இடமில்லை. கடல் கடந்து, கை பல மாறி வந்த நறுமணப் பொருள்தான் அங்கே செல்வத்தின் அடையாளம். ஒரு விருந்தில் எவ்வளவு கிராம்பு செலவானது என்பதைக் கொண்டு விருந்து கொடுத்தவரின் மதிப்பை அளந்தார்கள்.

திருப்பம் 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1651-இல் லா வாரென் என்ற சமையல்காரர் 'பிரெஞ்சுச் சமையல்காரர்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். அதில் மசாலா பின்வாங்குகிறது. பார்ஸ்லி, தைம், வெங்காயத்தாள், காளான் என்று பக்கத்துத் தோட்டத்திலும் காட்டிலும் கிடைப்பவை முன்னுக்கு வருகின்றன. ரொட்டியை அரைத்துக் கரைப்பதோடு, மாவைக் கொழுப்பில் வறுத்துக் குழம்பைக் கட்டும் முறையும் வருகிறது. பின்னாளில் 'ரூ' என்று பெயர் பெற்றது அதுதான். மூன்றே ஆண்டு கழித்து நிக்கோலா த போன்ஃபோன் என்பவர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: முட்டைக்கோஸ் சூப் முழுக்க முட்டைக்கோஸாகவே மணக்க வேண்டும், டர்னிப் சூப்பில் டர்னிப்தான் தெரிய வேண்டும். ஒரு பொருளின் சொந்தச் சுவையை மறைக்காதே என்ற இந்தக் கட்டளைதான் பிரெஞ்சுச் சமையலின் பிறப்புச் சான்று என்று நான் கருதுகிறேன்.

ஏன் இந்த மாற்றம்? போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் கப்பல் கப்பலாக இறக்கியதில் மிளகும் பட்டையும் மலிந்துபோயின. கடைக்காரர் வீட்டுக் குழம்பிலும் கிராம்பு மிதக்கத் தொடங்கியபோது, அது பிரபு வீட்டின் அடையாளமாக இருக்க முடியாமல் போனது. உடலின் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி பார்த்து உணவு வகுத்த பழைய மருத்துவமும் அதே காலத்தில் செல்வாக்கு இழந்தது. இரண்டும் சேர்ந்து மேல்தட்டின் நாக்கைத் திருப்பின. பொருள் விலையுயர்ந்தது என்று காட்ட முடியாதபோது, செய்நேர்த்தியைக் காட்டினார்கள். எலும்பையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் காய்ச்சிச் சாறு வடிப்பது, அந்தச் சாற்றிலிருந்து ஒரு குழம்பு, அந்தக் குழம்பிலிருந்து பத்துக் குழம்பு என்று அடுக்குவது. ஆளும் உழைப்பும் ஏராளமாக உள்ள வீட்டில் மட்டுமே இது முடியும்.

அந்த வீடுகளுக்கெல்லாம் பெரிய வீடு வெர்சாய். பதினான்காம் லூயி 1682-இல் அரசவையை அங்கே மாற்றினார். லா கேந்தினி என்ற தோட்டக்கலைஞர் மன்னருக்காக அமைத்த காய்கறித் தோட்டம் இன்றும் இருக்கிறது. சூடான புது எருவின் மேல் பாத்தி கட்டி, கண்ணாடி மூடி, கடுங்குளிரில் தண்ணீர்விட்டான் கொடி வகையைச் சேர்ந்த ஆஸ்பரகஸ் தண்டுகளை விளைவித்துக் கொடுத்தார் அவர். பச்சைப் பட்டாணி மேல் அரசவைக்கு வந்த பித்து 1696-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. மன்னரின் இரண்டாம் மனைவி மந்தெனோன் எழுதியது. இரவு உணவை மன்னரோடு வயிறு நிறைய உண்டுவிட்டு, வீடு திரும்பியும் படுக்கும் முன் பட்டாணி தின்கிறார்கள் என்று அதில் எழுதுகிறார்.

இந்தப் பகட்டுக்கு ஓர் உயிர் விலையாகப் போனதையும் சொல்ல வேண்டும். 1671 ஏப்ரலில் கோந்தே இளவரசர் ஷாந்தியி மாளிகையில் மன்னருக்கு விருந்து கொடுத்தார். ஏற்பாடு முழுவதும் வத்தேல் என்பவர் பொறுப்பு. அவரைச் சமையல்காரர் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு, அவர் விருந்து நிர்வாகி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், முதல் இரவே சில மேசைகளுக்கு வறுத்த இறைச்சி பற்றவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் வர வேண்டிய மீன் வரவில்லை என்று தெரிந்ததும், அவமானம் தாங்காமல் உயிரை விட்டார். அதன் பின்னர் நாலா பக்கமிருந்தும் மீன் வந்து சேர்ந்தது. விருந்தும் தொடர்ந்தது. செவிஞ்யே சீமாட்டி தம் மகளுக்கு எழுதிய கடிதங்களால் இது நமக்குத் தெரிகிறது. படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கும் இடம் இது.

இனி மாளிகையை விட்டு வெளியே வருவோம். அன்றைய பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பான்மையினர் குடியானவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு என்றால் ரொட்டி. கூடவே சூப். 'சூப்' என்ற சொல்லின் ஆதிப் பொருளே குழம்பில் நனைக்கப் போட்ட ரொட்டித் துண்டுதான். அந்த ரொட்டியும் வெள்ளை ரொட்டி அல்ல. ரை, பார்லி, கலப்பு மாவு. மண் வளமில்லாத மலைப்பகுதிகளில் செஸ்ட்நட் கொட்டையை அரைத்த மாவு, பிரித்தானிப் பகுதியில் பக்வீட் கூழும் அடையும். விறகுக்குப் பஞ்சம் என்பதால் அடுப்பை அடிக்கடி மூட்ட மாட்டார்கள். ஆல்ப்ஸ் மலையின் சில கிராமங்களில் ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகச் சுட்டு வைத்து, கல்லாக இறுகியதை வெட்டி நனைத்துச் சாப்பிட்டார்கள்.

நகரத்துக் கூலிக்காரர் சாதாரண ஆண்டிலேயே வருமானத்தில் ஏறக்குறைய பாதியை ரொட்டிக்குக் கொடுத்தார். ஆகவே ரொட்டி விலை என்பது அரசியல். மன்னருக்கு 'ரொட்டி கொடுப்பவர்' என்ற கடமை உண்டு என்று குடிமக்கள் நம்பினார்கள். பேக்கரிக்காரர் எடையில் குறைத்தால் காவலர் வந்து நிற்பார். 1774-இல் நிதியமைச்சர் தூர்கோ தானிய வணிகத்தைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தார். போட்டி வந்தால் விளைச்சல் பெருகும், விலை சமனாகும் என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டு அறுவடை பொய்த்தது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சுற்றி முந்நூறு கலவரங்கள் வெடித்தன. இதை 'மாவுப் போர்' என்றே வரலாறு குறிக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல இடங்களில் மக்கள் கொள்ளையடிக்கவில்லை. தானியத்தைக் கைப்பற்றி, எது நியாய விலை என்று தாங்கள் கருதினார்களோ அந்த விலைக்கு விற்று, பணத்தை உரியவரிடம் கொடுத்தார்கள். வெறும் பசிக் கலவரம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அரசன் மறந்த கடமையை ஊரே எடுத்துச் செய்தது.

பதின்மூன்று ஆண்டு கழித்து நிலைமை முற்றியது. 1788 ஜூலை 13 அன்று பேய்மழையாகக் கொட்டிய ஆலங்கட்டி விளைந்த பயிரை நாசமாக்கியது. தொடர்ந்து வந்த குளிர்காலம் ஆறுகளை உறைய வைத்தது. மாவு அரைக்கும் நீராலைகள் நின்றன. 1789 தொடக்கத்தில் பாரிஸில் நான்கு ராத்தல் ரொட்டியின் விலை பதினாலரை சூ. சூ என்பது அக்காலச் சில்லறைக் காசு. கூலிக்காரரின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அப்படி ஒரு ரொட்டியாவது தினமும் வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள். வாடகைக்கும் விறகுக்கும் துணிக்கும் என்ன மிஞ்சும்? பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் விழுந்து, புரட்சி வெடித்த கோடை அது.

அக்டோபர் 5-ஆம் தேதி சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, மழையில் நனைந்தபடி வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் அரச குடும்பத்தையே வண்டியில் ஏற்றிப் பாரிஸுக்குக் கூட்டி வந்தார்கள். மாவு வண்டிகளும் கூட வந்தன. 'பேக்கரிக்காரரையும், பேக்கரிக்காரர் மனைவியையும், கடைப்பையனையும் கொண்டு வருகிறோம்' என்று வழியெல்லாம் கூவினார்கள். மன்னர், ராணி, இளவரசன் மூவருக்கும் அவர்கள் வைத்த பெயர் அது. பிரெஞ்சு முடியாட்சியின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று ராணி மரி அந்துவானெத் சொன்னதாக ஒரு கதை உண்டே, அதையும் இங்கே தீர்த்துவிடலாம். அந்த வாசகம் தத்துவ எழுத்தாளர் ரூசோவின் தன்வரலாற்றில் வருகிறது. அவர் 'ஒரு பெரிய இளவரசி' என்று மட்டும் எழுதினார், பெயர் சொல்லவில்லை. கேக் என்பதும் சரியில்லை, வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டி. அவர் அந்தப் பகுதியை எழுதியபோது மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் இருந்த சிறுமி. பிரான்சுக்கு அவர் வந்தது 1770-இல். ராணி மேல் மக்களுக்கு இருந்த கோபத்துக்கு வேறு காரணங்கள் பல உண்டு. இந்த வாசகம் மட்டும் அவருடையது அல்ல.

புரட்சி அரசு 1793-இல் உணவுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பணக்காரருக்கு வெள்ளை, ஏழைக்குக் கறுப்பு என்று இருக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே ரொட்டி என்று 'சமத்துவ ரொட்டி'யைக் கொண்டுவந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் ரொட்டி அரசின் பொறுப்பு என்ற எண்ணம் நிலைத்தது. ரொட்டி விலைமீது அரசுக் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 1980-களில்தான். கோடை விடுமுறைக்குப் பாரிஸ் பேக்கரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிவிடக் கூடாது என்ற விதி, புரட்சிக் காலத்தில் வேர் கொண்டது, 2015 வரை நடைமுறையில் இருந்தது.

இப்போது உணவகத்துக்கு வருகிறேன். 'ரெஸ்தோரான்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதலில் கடை என்ற பொருளே இல்லை. 'தெம்பூட்டுவது' என்பதுதான் பொருள். இறைச்சியையும் எலும்பையும் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் மணிக்கணக்கில் காய்ச்சி வடித்த சாற்றுக்கு அந்தப் பெயர். உடல் நலிந்தவர்களுக்கும், இராச்சாப்பாடு செரிக்காதவர்களுக்கும் கொடுப்பது. 1760-களில் பாரிஸில் இந்தச் சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. சாறு இருந்த கடைக்கும் சாற்றின் பெயரே ஒட்டிக்கொண்டது.

முதல் கடையைத் திறந்தவர் பூலாஞ்சே என்ற ஒருவர், 1765-இல், வெள்ளைக் குழம்பில் ஆட்டுக்கால் விற்று வழக்கில் மாட்டி வென்றார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அந்த வழக்குக்கான ஆவணத்தை ஆய்வாளர்கள் தேடியும் காணவில்லை. ஆவணங்களில் தெளிவாகத் தெரிகிறவர் மத்யுரேன் ரோஸ் த ஷாந்துவாசோ. நாட்டின் கடனைத் தீர்க்கத் திட்டம் தீட்டியவர், பாரிஸ் வணிகர்களின் முகவரி ஏடு ஒன்றை அச்சிட்டவர். அந்த ஏட்டில் தம் கடையையும் சேர்த்துக்கொண்டு, முதல் ரெஸ்தோரான்காரர் தாமே என்று எழுதி வைத்தார். சட்டியில் சாறு காய்ச்சியது மட்டும் போதாது, அதை அச்சில் ஏற்றவும் வேண்டும் என்று அறிந்திருந்தார். இந்தக் கதை நெடுக இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்தக் கடைகளில் என்ன புதுமை என்று கேட்கலாம். அதற்கு முன்பும் சத்திரங்கள் இருந்தன. ஆனால் அங்கே குறித்த நேரத்தில் போக வேண்டும், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நீள மேசையில் உட்கார வேண்டும், வைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும், பழக்கமான வாடிக்கையாளர் நல்ல துண்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். புதுக் கடையில் தனி மேசை, நினைத்த நேரம், பட்டியலைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுப்பது, ஒவ்வொன்றுக்கும் விலை முன்கூட்டியே எழுதியிருப்பது. பெண்களும் கௌரவமாக வந்து அமரலாம். பணம் இருந்தால் போதும், எந்தக் குலம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இவையெல்லாம் புரட்சிக்கு முன்பே நடந்துவிட்டன. மன்னரின் தம்பி வீட்டில் பணியாற்றிய போவில்யே, வெள்ளை விரிப்பும் மஹோகனி மேசையும் போட்ட ஆடம்பர உணவகத்தை 1780-களிலேயே நடத்தினார். அப்போது எந்தப் பிரபுவின் தலையும் போகவில்லை.

அப்படியானால் புரட்சியின் பங்கு என்ன? மூன்று சொல்வேன். முதலாவது, 1791-இல் தொழிற்குழுக்கள் ஒழிக்கப்பட்டன. அதுவரை வறுத்த இறைச்சி விற்பவர் ஒரு குழு, பன்றி இறைச்சிப் பதனம் செய்பவர் இன்னொரு குழு, மாவுப் பண்டம் செய்பவர் வேறொரு குழு. ஒருவர் உரிமையில் மற்றவர் கை வைத்தால் வழக்கு. அந்த வேலி போனதும் ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் சமைக்க யாருக்கும் தடையில்லை. இரண்டாவது, வேலையிழந்த சமையல்காரர்கள். இது உண்மைதான், ஆனால் தொடக்கமல்ல, வேகம். பாஸ்டில் விழுந்த சில நாட்களில் கோந்தே இளவரசர் நாட்டை விட்டு ஓடினார். அவரிடம் சமைத்த ரொபேர் பாரிஸில் உணவகம் நடத்தினார். வத்தேல் பணிபுரிந்த அதே குடும்பம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை யாரும் அதிகம் சொல்வதில்லை: சாப்பிட வந்தவர்கள். நாட்டின் நாலா மூலையிலிருந்தும் தேசிய சபைப் பிரதிநிதிகள் தலைநகருக்கு வந்தார்கள். வீடு இல்லை, சமைக்க ஆள் இல்லை, பேசவும் கூடவும் இடம் வேண்டும். பலே ரோயால் வளாகத்தின் உணவகங்கள் நிரம்பின. தெற்கிலிருந்து வந்த மூவர் அங்கே 'மூன்று புரோவான்சு சகோதரர்கள்' என்ற கடையில் தங்கள் ஊர்க் கருவாட்டு மீனையும் பூண்டையும் தலைநகருக்கு அறிமுகம் செய்தார்கள். மன்னருக்கு மரண தண்டனை என்று வாக்களித்த லெபெல்த்தியே என்ற பிரதிநிதி, 1793 ஜனவரி 20 இரவு பலே ரோயாலின் உணவகம் ஒன்றில்தான் குத்திக் கொல்லப்பட்டார். அரசியலும் உணவகமும் அந்த அளவுக்குப் பின்னிக்கிடந்தன.

ஒன்றை விட்டுவிட்டு இதைச் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. பாரிஸின் இனிப்புக் கடைகளும் காபிக் கடைகளும் யாருடைய உழைப்பில் நடந்தன? கரீபியத் தீவான சான் தொமேங்கில், ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில். ஐரோப்பா குடித்த காபியிலும் கரைத்த சர்க்கரையிலும் மிகப் பெரிய பங்கு அந்த ஒரு காலனியிலிருந்து வந்தது. 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த சில மாதங்களில் பாரிஸில் சர்க்கரை விலை ஏறி, 1792 தொடக்கத்தில் மளிகைக் கடைகளின் முன் கலவரம் நடந்தது. 1804-இல் அந்த நாடு ஹைத்தி என்ற பெயரில் விடுதலை பெற்றது. கரும்புச் சர்க்கரையை இழந்து, இங்கிலாந்துடனான போரில் கடல்வழியும் அடைபட்ட பிறகுதான் நெப்போலியன் பீட்ரூட் சர்க்கரைக்கு ஊக்கம் கொடுத்தார். பிரெஞ்சு மாவுப் பண்டங்களின் நேர்த்தியைப் புகழும் நூல்கள் பலவற்றில் ஹைத்தி என்ற சொல்லே இருப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, உணவகம் வந்தது. உலகப் புகழ் எப்படி வந்தது? நல்ல சமையல் எல்லா நாட்டிலும் உண்டு. பிரான்சில் சமையலைச் சுற்றி ஓர் எழுத்துலகமே எழுந்தது. கிரிமோ த லா ரேனியேர் 1803 முதல் ஆண்டுதோறும் ஒரு உணவுக் கையேடு வெளியிட்டார். எந்தத் தெருவில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று எழுதினார், நடுவர் குழு வைத்து ருசி பார்த்துத் தீர்ப்பளித்தார். உணவு விமர்சனம் என்ற துறையின் தொடக்கம் அது. புரட்சியில் திடீர்ப் பணக்காரரானவர்களுக்கு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. 1825 இறுதியில் நீதிபதி பிரியா-சவரன், சுவையைத் தத்துவமாகவே பேசும் நூலை வெளியிட்டார்.

சமையற்கட்டுக்குள்ளிருந்து எழுதியவர் மரி-அந்துவான் கரேம். பெரிய ஏழைக் குடும்பம். புரட்சிக் காலத்தில் சிறுவனாகத் தெருவில் விடப்பட்டவர், ஒரு மலிவு உணவுக்கடையில் ஒண்டிக்கொண்டார். பிறகு மாவுப் பண்டக் கடையில் வேலை. ஓய்வு நேரத்தில் தேசிய நூலகத்துக்குப் போய்க் கட்டடக்கலை ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார். கோயில்களும் இடிபாடுகளும் நீரூற்றுகளும் சர்க்கரையிலும் மாவிலும் எழும்பின. தாலெய்ரான், ரஷ்யப் பேரரசர், இங்கிலாந்தின் இளவரசர், ராத்ஷீல்ட் என்று அக்காலத்துப் பெரும்புள்ளிகளுக்குச் சமைத்தார். அவர் செய்த மிகப் பெரிய வேலை வேறு. எண்ணற்ற குழம்புகளை நான்கு தாய்க் குழம்புகளின் கீழ்க் குடும்பமாக்கினார்: எஸ்பான்யோல், வெலுத்தே, அல்மாந்து, பெஷமெல். தாயைச் செய்யத் தெரிந்தால் பிள்ளைகள் தாமே வரும். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவது போன்றது இது. இலக்கணம் இருந்தால் வெளியூர்க்காரரும் கற்கலாம். கரி அடுப்பின் புகையிலேயே வாழ்ந்த கரேம் 1833-இல், ஐம்பது வயதை எட்டாமலே இறந்தார்.

அவருக்குப் பின் ஓகுஸ்த் எஸ்கோஃபியே. நீஸ் நகரில் சிற்றப்பன் கடையில் 13 வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1870 போரில் படைக்குச் சமைத்தார். முற்றுகையில் சிக்கிய மெட்ஸ் நகரில் குதிரை இறைச்சியை உண்ணும்படி ஆக்குவது எப்படி என்று கற்றார். பின்னர் செசார் ரிட்ஸ் என்ற விடுதி நிர்வாகியோடு சேர்ந்து லண்டனின் சவாய், பாரிஸின் ரிட்ஸ் விடுதிகளில் சமையற்கட்டுகளை அமைத்தபோது, படை அணிவகுப்பின் ஒழுங்கை உள்ளே கொண்டுவந்தார். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், குளிர் பதார்த்தங்களுக்கு ஒருவர். கூச்சலும் குடியும் கூடாது. நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'செஃப்' என்ற சொல் 'தலைவர்' என்று மட்டுமே பொருள்படும். 1903-இல் வந்த அவருடைய வழிகாட்டி நூலில் 5,000-க்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. உலகின் எந்த மூலையில் பெரிய விடுதி கட்டினாலும் அந்த நூலும் அந்த அணி முறையும் போய்ச் சேர்ந்தன. உணவுப் பட்டியல்கள் பிரெஞ்சு மொழியில் அச்சாயின.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. டயர் நிறுவனமான மிஷ்லேன் 1900-இல் கார் ஓட்டிகளுக்கு இலவசக் கையேடு கொடுக்கத் தொடங்கி, 1926-இல் நட்சத்திரம் வழங்க ஆரம்பித்தது. ஊரின் பெயரால் விற்கும் திராட்சை மதுவுக்கு அந்த ஊரின் மண்ணும் முறையும் கட்டாயம் என்று 1935-இல் சட்டம் வந்தது. 2010-இல் பிரெஞ்சு விருந்து முறையும், 2022-இல் பாகெத் ரொட்டி செய்யும் கலையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

எழுத்து என்று இவ்வளவு சொன்னேன். இங்கே வந்த சமையல் நூல்களை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதாமல் சமைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு அடுப்பில் நாள் முழுக்க மெதுவாக வேகும் 'பொத்தோஃபே' என்ற இறைச்சிக் காய்கறிச் சாறு அவர்களுடையது. பிரித்தானியில் வெண்ணெய்க்கு உப்புப் போட்டதும் அவர்கள்தான். அந்தப் பகுதிக்குக் கொடிய உப்பு வரியிலிருந்து விலக்கு இருந்தது. லியோன் நகரத்துப் பணக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் பலர், பிறகு தாங்களே சிறு கடை திறந்தார்கள். 'லியோன் அம்மாக்கள்' என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் எழெனி பிராசியே 1895-இல் பிறந்தவர், பண்ணைகளில் வேலை செய்து வளர்ந்தவர். 1921-இல் லியோனில் கடை திறந்தார். கோழியின் தோலுக்கடியில் கறுப்பு ட்ரஃபிள் காளான் வில்லைகளைச் செருகி மெல்ல வேகவைப்பது அவருடைய கைவண்ணம். 1933-இல் லியோனில் இருந்த கடைக்கு மூன்று, மலைக் கணவாயில் இருந்த கடைக்கு மூன்று என்று ஆறு நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் பெற்றார். அதற்கு முன் அப்படிப் பெற்றவர் எவருமில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் போக்யூஸ் அவரிடம் வேலை கற்றவர். பிராசியேவின் பண்ணையில் பசு கறக்கவும், துணி துவைக்கவும்கூட அவரை ஏவினார்கள்.

கடைசியாக ஒரு சிறு தகவல். மசாலாவை 17-ஆம் நூற்றாண்டில் ஒதுக்கிய அந்தச் சமையற்கட்டுகளில், அண்மைக் காலமாக 'வதுவான்' என்ற மசாலாக் கலவை புழங்குகிறது. வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை கலந்தது. மீனுக்கும் காலிஃபிளவருக்கும் இறாலுக்கும் தூவுகிறார்கள். சொல்லும் பொருளும் புதுச்சேரி வழியாகப் போனவை. சின்ன வெங்காயத்தை இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டைமாடியில் காயவைக்கும் நம் தாளிப்பு வடவம்தான் அது.